கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இளையோர் நாவல்களைப் பற்றி எழுதியபோது, அவற்றோடு போர்க்காலத்து வாழ்க்கை வரலாறுகளையும் சேர்த்துப் படிக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒன்றையொன்று ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கில நாவல்களைக் கையில் கிடைத்த வேகத்தில் முடித்துவிடுகிறாள். இப்போது இரண்டாம் உலகப் போரைப் பற்றிய கதைகள் வேண்டும் என்கிறாள். கடைக்குப் போனால் ஓர் அலமாரி முழுவதும் முள்வேலி போட்ட அட்டைகள். பாதிக்கு மேற்பட்ட நூல்களின் பின்னட்டையில் ‘உண்மைக் கதையைத் தழுவியது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: பின்னட்டையைப் பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவு எழுதுகிறது, அதைப் படித்து முடிவெடுக்க வேண்டாம். ‘தழுவியது’ என்ற சொல் எவ்வளவு தழுவியது என்பதைச் சொல்வதே இல்லை. தோளில் கையைப் போட்டாலும் தழுவல்தான். புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பத்துப் பக்கங்களைப் பாருங்கள். நல்ல வரலாற்று நாவல் எழுதுகிறவர், கதை முடிந்த பிறகு வாசகரோடு உட்கார்ந்து, இன்னது நடந்தது, இன்னதை நான் புனைந்தேன், இந்த ஊர் வரைபடத்தில் இருக்காது, இந்தப் பாத்திரத்துக்கு இன்ன மனிதரின் வாழ்க்கை உதவியது என்று கணக்கு ஒப்படைப்பார். அந்தக் கணக்கு இல்லாத நூலை நான் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்குவதில்லை. நாவல் என்றால் புனைவுதானே, அதற்கு எதற்குக் கணக்கு என்று கேட்கலாம். பதினான்கு வயதில் நாம் படிக்கும் போர், பெரும்பாலும் நம் வாழ்நாள் முழுவதற்கும் தெரிந்த போராகவே தங்கிவிடுகிறது என்பதால்தான் கேட்கிறேன்.

எடுத்துக்காட்டாக எலிசபெத் வெய்ன் எழுதி 2012இல் வந்த ‘கோட் நேம் வெரிட்டி’ நாவலைச் சொல்லலாம். விமானம் ஓட்டும் ஒரு பெண்ணும் ஒற்றர் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணும் தோழிகள். 1943இல் ஜெர்மானியர் வசமிருந்த பிரான்சில் விமானம் விழ, ஒருத்தி பிடிபடுகிறாள். நாவலின் முதற்பாதி அவள் காவலில் எழுதித் தரும் வாக்குமூலமாகவே நடக்கிறது. அந்த வாக்குமூலத்தில் எது உண்மை, எது எதிரிக்கு வைத்த பொறி என்பது பின்பாதியில் தெரியவரும்போது, முதலிலிருந்து மீண்டும் படிக்கத் தோன்றும். ஆசிரியர் தாமே விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர். ஆகவே எஞ்சினும் காற்றும் பற்றிய பகுதிகளில் கை நடுங்கவில்லை. கதை முடிந்ததும் ஒரு பின்னுரையில், தான் எங்கெங்கே கற்பனை செய்தேன், அந்தக் கற்பனை நடந்திருக்கக் கூடியதா என்று எப்படிச் சோதித்தேன் என்பதை அவர் சொல்லுகிறார். உங்கள் மகளுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கிறேன். விசாரணைக் காட்சிகள் கடுமையானவை. முன்னதாக நீங்கள் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

விருதுகளை வைத்துத் தேர்ந்தெடுப்பதும் பயன் தரும். பிரிட்டனில் 1936 முதல் கார்னகி பதக்கமும், அமெரிக்காவில் 2000 முதல் பதின்பருவ நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருதும் தரப்படுகின்றன. வென்ற நூலைவிட இறுதிப் பட்டியலுக்கு வந்து வெல்லாமல் போன நூல்களிலேயே எனக்குப் பிடித்தவை அதிகம் கிடைத்திருக்கின்றன. நடுவர்களின் சமரசம் வென்ற நூலில்தான் தெரியும் என்பது என் சந்தேகம்.

கேள்வி: ‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பஜாமாஸ்’ படித்து முடித்த இரவு அழுதேன். மறுநாள் எங்கள் வரலாற்று ஆசிரியர், அது படிக்கத் தகாத புத்தகம் என்று சொல்லிவிட்டார். நான் அழுதது தவறா?
– பதினோராம் வகுப்பு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, அழுததில் ஒரு தவறும் இல்லை. ஜான் பாயின் 2006இல் வெளியிட்ட அந்த நாவல், படிப்பவரை அழவைக்க வேண்டும் என்று திட்டமிட்டு எழுதப்பட்டது, திட்டம் பலித்திருக்கிறது. உங்கள் ஆசிரியரும் தாமாக எதையும் சொல்லவில்லை. போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் இருந்த இடத்தில் இன்று இயங்கும் அருங்காட்சியகமே 2020 ஜனவரியில், யூத இனப்படுகொலையின் வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று பொதுவெளியில் கூறியது.

காரணம் எளிது. முகாம் அதிகாரியின் ஒன்பது வயது மகன், வேலிக்கு அப்பால் இருக்கும் தன் வயதுச் சிறுவனோடு பல மாதங்கள் உட்கார்ந்து பேசுகிறான் என்பது கதை. ஆஷ்விட்ஸுக்கு ஏறத்தாழ 2,32,000 சிறுவர் சிறுமியர் கொண்டுவரப்பட்டார்கள். அந்த வயது யூதக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர், வந்து இறங்கிய அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். 1945 ஜனவரி 27 அன்று முகாம் விடுவிக்கப்பட்டபோது உயிரோடு எஞ்சியிருந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் சுமார் 700 பேர்தான். மின்சாரம் பாய்ந்த வேலி, காவல் கோபுரங்கள் ஆகியவற்றுக்கு நடுவே, யாரும் பார்க்காத ஒரு மூலையில் அன்றாடம் நட்பு வளர இடமிருக்கவில்லை. நூலாசிரியர் இதை நீதிக்கதை என்ற வகையில்தான் முன்வைத்தார். ஆனால் பள்ளிகள் இதை வரலாறாகப் பாடம் நடத்தின. அங்கேதான் தொல்லை தொடங்கியது.

எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறு. கடைசி அத்தியாயத்தில் உங்கள் கண்ணீர் யாருக்காக வந்தது என்று நினைத்துப் பாருங்கள். வேலிக்கு அப்பாலிருந்த சிறுவனுக்காக எவ்வளவு, இப்பாலிருந்தவனுக்காக எவ்வளவு? இந்தக் கேள்வியோடு நாவலை இன்னொரு முறை படித்துவிட்டு, பிறகு ஆர்ட் ஸ்பீகல்மன் தம் தந்தையின் முகாம் வாழ்க்கையைப் படக்கதையாக வரைந்த ‘மவுஸ்’ நூலை எடுங்கள். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. அதில் உயிர் பிழைத்த தந்தை கஞ்சர், சிடுசிடுப்பானவர், மகனோடு ஒத்துப்போகாதவர். துன்பப்பட்டதனாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை என்பதை மகன் மறைக்காமல் வரைந்திருக்கிறார்.

கேள்வி: ஹிரோஷிமாச் சிறுமி சடகோ 644 காகிதக் கொக்குகளை மடித்து, ஆயிரத்தை எட்டும் முன்பே இறந்துபோனதாக என் பேரனுக்குக் கதை சொன்னேன். அவன் இணையத்தில் பார்த்துவிட்டு, ‘ஆயிரத்துக்கு மேல் மடித்தாள், தாத்தா’ என்கிறான். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திருநெல்வேலி

பதில்: பேரன் சொல்வதே சரி. நீங்கள் சொன்ன 644 என்ற எண், எலினார் கோயர் 1977இல் எழுதிய சிறார் நூலிலிருந்து உலகெங்கும் பரவியது. அந்நூலில் மீதிக் கொக்குகளை வகுப்புத் தோழர்கள் மடித்து அவளோடு வைக்கிறார்கள். சடகோ சசாகியின் அண்ணனோ, தங்கை ஆயிரத்தைக் கடந்து மேலும் மடித்துக்கொண்டிருந்தாள் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். குண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அன்று அவளுக்கு வயது இரண்டு. பத்தாண்டு கழித்து இரத்தப் புற்றுநோய் தெரியவந்து, 1955 அக்டோபர் 25 அன்று பன்னிரண்டு வயதில் இறந்தாள்.

முடிக்காமல் இறந்தாள் என்பது கதைக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆயிரம் மடித்தால் வேண்டியது நடக்கும் என்று நம்பி, ஆயிரத்தையும் மடித்து முடித்து, அப்படியும் நோய் குணமாகாமல், அதற்கப்புறமும் மருந்துச் சீட்டுத் தாள்களைத் தேடி எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள் என்பது கதைக்குப் பொருந்தவில்லை. நடந்தது இரண்டாவது. பேரனுக்கு அதையே சொல்லுங்கள், தாங்கிக்கொள்வான்.

கேள்வி: ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை அவருடைய தந்தை திருத்தி வெளியிட்டார் என்கிறார்களே, அப்படியானால் அதை அந்தப் பெண்ணின் நூல் என்று எப்படிச் சொல்வது? எந்தப் பதிப்பை வாங்கலாம்?
– தமிழாசிரியை, விழுப்புரம்

பதில்: தந்தை திருத்தினார் என்பது உண்மை. அவருக்கு முன்பாகவே மகள் திருத்தத் தொடங்கிவிட்டாள் என்பதும் உண்மை. இந்த இரண்டாவது செய்தி பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1942 ஜூன் 12 அன்று பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குக் கிடைத்த நாட்குறிப்பேட்டில் ஆன் எழுதத் தொடங்கினாள். மூன்றே வாரத்தில் அவளுடைய யூதக் குடும்பம் நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில், தந்தையின் அலுவலகக் கட்டடத்துப் பின்பகுதியில் ஒளிந்துகொண்டது. 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு வானொலியில், நாடு கடந்து இயங்கிய அரசின் அமைச்சர் ஒருவர், போர்க்காலத்து நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் மக்கள் பத்திரப்படுத்த வேண்டும், போர் முடிந்ததும் அவற்றைத் திரட்டுவோம் என்று பேசினார். ஒளிந்திருந்த எட்டுப் பேரில் மற்ற ஏழு பேரும் ஆன் பக்கம் திரும்பினார்கள். மே மாதத்தில் அவள் தன் பழைய குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, புத்தகமாக வர வேண்டும் என்ற எண்ணத்தோடு தனித்தாள்களில் மாற்றி எழுதலானாள். சலிப்பூட்டும் பகுதிகளை வெட்டினாள், சிலவற்றை விரித்தாள், உடனிருந்தவர்களுக்குப் புனைபெயர் சூட்டினாள். பதின்மூன்று வயதில் எழுதிய சிறுபிள்ளைத்தனமான வரிகளைப் பதினைந்து வயதுக்காரி வெட்கத்தோடு நீக்கினாள். 200க்கு மேற்பட்ட தாள்களை இப்படி எழுதி முடித்திருந்த நிலையில், 1944 ஆகஸ்ட் 4 அன்று எல்லோரும் பிடிபட்டார்கள்.

சிதறிக் கிடந்த தாள்களை எடுத்து, படிக்காமலேயே மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தியவர் மீப் கீஸ் என்ற அலுவலக ஊழியர். எட்டுப் பேரில் திரும்பி வந்தவர் தந்தை ஓட்டோ ஒருவரே. அவர் முதல் வடிவத்தையும் மகள் திருத்திய வடிவத்தையும் சேர்த்து 1947இல் வெளியிட்டார். தாயோடு மகளுக்கு இருந்த கசப்பு, உடல் வளர்ச்சி பற்றிய குறிப்புகள் போன்றவற்றில் சிலவற்றை விட்டுவிட்டார். விட்டவற்றில் பெரும்பகுதியைச் சேர்த்த விரிவான பதிப்பு 1991இல் வந்தது. மூன்று வடிவங்களையும் ஒரே பக்கத்தில் ஒப்பிட்டுக் காட்டும் ஆய்வுப் பதிப்பை நெதர்லாந்தில் 1986இல் கொண்டுவந்தார்கள்.

ஆகவே வாங்கும்போது, 1991க்குப் பின் வந்த விரிவான பதிப்பின் மொழிபெயர்ப்பா என்று மட்டும் பாருங்கள். தமிழிலும் இந்நூல் வந்திருக்கிறது. எந்த மூலத்திலிருந்து மொழிபெயர்த்தது என்று பதிப்புரையில் போட்டிருந்தால் அந்தப் பிரதியையே எடுங்கள். உங்கள் மாணவிகளுக்கு நான் சொல்லச் சொல்லுவது இது: நீங்கள் படிப்பது ஒரு பெண் கண்ணீர் விட்டு மறைத்து வைத்த குறிப்புகள் மட்டுமல்ல, தன் எழுத்தைத் தானே வெட்டித் திருத்தத் துணிந்த பதினைந்து வயது எழுத்தாளர் ஒருவரின் முடிவுபெறாத கைப்பிரதி.

கேள்வி: திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கானைப் பற்றி இரண்டு வாழ்க்கை வரலாறுகள் இருப்பதாக அறிகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது?
– தமிழ் வாசகர், மைசூரு

பதில்: ஒன்றுதான் என்றால், சிரபணி பாசு 2006இல் எழுதிய ‘ஸ்பை பிரின்சஸ்’. இரண்டும் படிக்க வாய்த்தால், முதலில் ஜீன் ஓவர்டன் ஃபுல்லர் 1952இல் எழுதிய ‘மேடலின்’, பிறகு பாசு. நான் அந்த வரிசையில்தான் படித்தேன். ஒரே வாழ்க்கை, கிடைக்கும் தாள்களைப் பொறுத்து எப்படி வேறு வேறாகத் தெரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

நூர் 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தார். தந்தை இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த இசைவாணர், சூஃபி ஆசான், தாய் அமெரிக்கர். பாரிஸுக்கு அருகே வளர்ந்து, குழந்தைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார். புத்த ஜாதகக் கதைகளில் இருபதை அவர் எழுதிய நூல் 1939இல் லண்டனில் வந்தது. அடுத்த ஆண்டே பிரான்ஸ் வீழ்ந்தது. குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது, நூர் விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி கற்றார். 1943 ஜூன் மாதத்து இரவொன்றில் ரகசியமாகப் பிரான்சில் இறக்கப்பட்டார். அப்படி அனுப்பப்பட்ட முதல் பெண் தந்தியாளர் அவரே. இறங்கிய சில நாட்களில் அவருடைய குழு பெரும்பாலும் பிடிபட்டது. திரும்பி வந்துவிடும்படி லண்டன் சொன்னது. வரவில்லை. பெட்டிக்குள் அடங்கும் கருவியைச் சுமந்துகொண்டு வீடு மாற்றி வீடு மாற்றிச் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார். மாதக்கணக்கில் சங்கிலியில் கட்டுண்டு சிறையிலிருந்து, 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949இல் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது.

ஃபுல்லர் நூரின் தோழி. போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே, நேரில் பார்த்தவர்கள் உயிரோடிருந்தபோது, ஒவ்வொருவராகத் தேடிச் சென்று கேட்டு எழுதினார். அந்த நூலில் நூரின் குரலும் கூச்சமும் அருகிலிருந்து கேட்கும். ஆனால் அன்று அரசுக் கோப்புகள் பூட்டிக் கிடந்தன. அவை 2003இல் திறக்கப்பட்ட பிறகு எழுதியவர் பாசு. கோப்பிலிருந்து ஒரே ஒரு தாளைச் சொல்கிறேன். பயிற்சியின் முடிவில் மேலதிகாரி எழுதிய அறிக்கை, இந்தப் பெண்ணுக்கு மூளைப் பாரம் அதிகமில்லை, உணர்ச்சிவசப்படுகிறவர், களப்பணிக்கு ஏற்றவரா என்பதே ஐயம் என்ற பொருளில் அமைந்திருந்தது. நூரை அனுப்பிய பிரிட்டிஷ் ரகசிய அமைப்பில் பிரெஞ்சுப் பிரிவின் தலைவராக இருந்த பக்மாஸ்டர் அதன் ஓரத்தில், நமக்கு மூளைப் பாரம் மிகுந்தவர்கள் தேவையில்லை என்று பென்சிலால் கிறுக்கினார். ஒரு பெண்ணின் உயிர் அந்த ஓரக்குறிப்பில் தொங்கியதைப் பார்க்கும்போது, வீரம் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக எடுத்தாள முடிவதில்லை.

இன்னொன்று. நூர் தாம் அனுப்பிய செய்திகளின் நகல்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். விதிப்படி அழித்திருக்க வேண்டியவை. செய்திகளைக் ‘கோப்பிடுவதில்’ கவனம் தேவை என்று அவருக்குத் தரப்பட்ட அறிவுரையை, சேமித்து வைக்கச் சொன்னதாக அவர் புரிந்துகொண்டிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. எதிரியின் கையில் அந்த நோட்டுச் சிக்கியது; அதை வைத்து அவர் பெயரிலேயே லண்டனுக்குச் செய்தி போயிற்று; அதை நம்பி அனுப்பப்பட்ட ஆட்கள், காத்திருந்த ஜெர்மானியர் கையில் இறங்கினார்கள். தன் நாயகியின் இந்தப் பிழையைப் பாசு மறைக்கவில்லை. வாழ்க்கை வரலாறு எதை வாங்கினாலும், நாயகர் செய்த தவறு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். எங்குமே வரவில்லை என்றால் அது வாழ்த்துப்பா.

தஞ்சாவூர்த் தாயின் மகள் ‘கோட் நேம் வெரிட்டி’யை முடித்ததும் அடுத்ததாக இதை எடுக்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு விளையாட்டுச் செய்தி தவிர வேறெதுவும் பிடிப்பதில்லை. வரலாறு என்றாலே ஓடுகிறான்.
– ஒரு தந்தை, ஓசூர்

பதில்: ஓடுகிறவனுக்கு ஓட்டக்காரரையே கொடுங்கள். லூயிஸ் ஸாம்பரினி 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓடி எட்டாவதாக வந்தவர். 1943 மே மாதம் அவரிருந்த போர் விமானம் பசிபிக் கடலில் விழுந்தது. தப்பிய மூவரில் ஒருவர் வழியில் இறக்க, மற்ற இருவரும் 47 நாட்கள் ரப்பர்ப் படகில் மிதந்து, கடைசியில் ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். லாரா ஹில்லன்பிராண்ட் எழுதிய ‘அன்புரோக்கன்’ 2010இல் வந்தது. இளையோருக்காக அவரே சுருக்கிப் படங்கள் சேர்த்த பதிப்பு 2014இல் வந்தது. சுருக்கப் பதிப்புகளை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. மூல ஆசிரியரே சுருக்கியதால் இதற்கு விதிவிலக்கு அளிக்கிறேன். முகாமில் நடந்த கொடுமைகள் இதில் ஓரளவு குறைக்கப்பட்டிருக்கின்றன. கடல் அப்படியே இருக்கிறது.

கேள்வி: என் தந்தை சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வந்தவர். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி ஐரோப்பியப் போர்க் கதைகளையே படிக்கிறாள். நம்மவர் பட்ட பாட்டைச் சொல்லும் நூல்கள் தமிழில் உண்டா?
– வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: உண்டு, ஆனால் பட்ட பாட்டுக்கு ஈடாக இல்லை. ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டருக்கு அமைத்த அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே இறந்தவர்களில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள் பல மடங்கு அதிகம். அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பெரும் பகுதி. கைதிகள் திரும்பிப் போய் நினைவு நூல்களை எழுதினார்கள். தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் மறுநாள் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போனார்கள். அலமாரியில் இன்று தெரியும் வேறுபாடு அங்கிருந்து வந்தது.

பேத்திக்கு முதலில், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலைக் கொடுங்கள். அடுத்து ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. மேடானிலும் பினாங்கிலும் போர்க்காலத்தில் வாழ்ந்த வட்டிக்கடைத் தமிழர்கள், இந்திய தேசிய ராணுவம் எல்லாம் அதில் வருகின்றன. சிங்காரம் அங்கே வேலை பார்த்துவிட்டு 1946இல் திரும்பியவர். நாவல் அச்சேறியது 1972இல். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல, கல்லூரிப் பெண்ணுக்கு மிகவும் ஏற்றது. முதல் முப்பது பக்கங்களில் மலாய்ச் சொற்களும் சங்கப் பாட்டும் கலந்து அடித்தாலும் விடாமல் போகச் சொல்லுங்கள்.

தன்வரலாறாக வேண்டுமென்றால், ரங்கூனில் இதழ் நடத்திய வெ. சாமிநாத சர்மா, 1942இல் குண்டு வீச்சுக்குத் தப்பி இந்தியாவுக்கு நடந்து வந்த கதையான ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ இருக்கிறது. ஹிட்லர், முசோலினி ஆகியோரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதியவரும் அவரே. உலகத் தலைவர்களைப் பற்றி உயரத்திலிருந்து எழுதிய அதே பேனா, இந்த நூலில் ஒரு குவளைத் தண்ணீருக்கும் இராத்தங்க ஓர் இடத்துக்கும் கவலைப்படுகிறது. அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. ஆகவே பல பதிப்பகங்கள் வெளியிட்டிருக்கின்றன.

பேத்தியின் வயதுக்கு மிக அருகில் வருவது, இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பதினேழு வயதில் சேர்ந்த ஆஷா சகாயின் போர் நாட்குறிப்பு. ஜப்பானில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் மூலக் குறிப்புகளை ஜப்பானிய மொழியில் எழுதினார். ஆங்கில வடிவம் 2022இல் வந்தது. அவர் சேர்ந்த அந்தப் படையின் அணிகளில் மிகுதியாக இருந்தவர்கள் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்களில் ஒருத்தி எழுதிய நாட்குறிப்பு நம் கையில் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு அந்நூலைப் படித்தபோது முழுவதும் இருந்தது. உங்கள் தந்தை சொன்னவற்றில் உங்களுக்கு நினைவிருப்பதைப் பேத்தி கைப்பேசியில் பதிவு செய்யட்டும், ஐயா. இந்த மாதமே தொடங்கட்டும்.

கேள்வி: ஊர்ப்புற நூலகர் நான். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் போர்க் கதை கேட்கிறார்கள். பயமுறுத்தாமல், பொய்யும் சொல்லாமல் கொடுக்கக்கூடிய நூல் எது?
– நூலகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஜூடித் கெர் 1971இல் எழுதிய ‘வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்’. பெர்லினில் புகழ்பெற்ற நாடக விமர்சகராக இருந்த தம் தந்தையோடு, 1933இல் ஒன்பது வயதில் நாட்டைவிட்டு ஓடிய கதையை, அன்னா என்ற சிறுமியின் கதையாக எழுதியிருக்கிறார். ஒரே ஒரு பொம்மையை எடுத்துக்கொள்ளலாம் என்றதும், அவள் பழைய முயலை விட்டுவிட்டுப் புதிய நாயை எடுத்துக்கொள்கிறாள். வீட்டிலிருந்த எல்லாவற்றோடும் முயலும் பறிபோகிறது. ஆசிரியரின் சிறுவயது மகன் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ திரைப்படத்தைப் பார்த்துவிட்டு, அம்மா சின்னவளாக இருந்தபோது எப்படி இருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது என்றானாம். அப்படியில்லை என்று சொல்வதற்காகவே அவர் இந்நூலை எழுதினார்.

இதில் முகாம் இல்லை, குண்டு இல்லை. ஆனால் பெர்லினிலேயே தங்கிவிட்ட குடும்ப நண்பர் ஜூலியஸ் இருக்கிறார். பாட்டி யூதர் என்பதால் அருங்காட்சியக வேலை போகிறது. மிருகக்காட்சி சாலைக்குப் போய்க் குரங்குகளைப் பார்ப்பதொன்றே மிஞ்சுகிறது. ஒரு நாள் அந்த அனுமதிச் சீட்டையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவர் அதற்குமேல் வாழவில்லை. கொடுங்கோல் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க, அந்த அனுமதிச் சீட்டு போதும்.

இரண்டாவது நூல், போலந்து மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் 1920களின் தொடக்கத்தில் எழுதிய ‘மன்னன் மாட்’. தந்தை இறந்ததால் அரியணை ஏறும் சிறுவன், மாறுவேடத்தில் போர்முனைக்குப் போகிறான், குழந்தைகளுக்கென்று நாடாளுமன்றம் அமைக்கிறான், தோற்கிறான். நூலின் தொடக்கத்தில் ஆசிரியர் தம் சிறுவயதுப் படத்தைத்தான் போட்டிருக்கிறார். பெரியவர்களின் படத்தைப் பார்த்தால் அவர்களும் ஒரு காலத்தில் சின்னவர்களாக இருந்தார்கள் என்று குழந்தைகள் நம்ப மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு, கோர்ச்சாக்கின் வார்சா நாட்குறிப்பை அவர்களுக்குக் காட்டுங்கள். அவர் நடத்திய அநாதை இல்லம் யூதர்களை அடைத்த சுவருக்குள் மாற்றப்பட்டிருந்தது. 1942 ஜூலை 18 அன்று அங்கே குழந்தைகளைக் கொண்டு நாடகம் ஒன்றை அரங்கேற்றினார். தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’. நோயாளிச் சிறுவன் அமல் சன்னலருகே உட்கார்ந்து, மன்னரின் கடிதத்துக்காகக் காத்திருந்து உறங்கிப்போகும் நாடகம். ஆகஸ்ட் 4ஆம் நாளின் கடைசிக் குறிப்பில், காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி எழுதுகிறார். சன்னலில் தெரியும் தம் வழுக்கைத் தலை சுடுவதற்கு நல்ல குறிதான். கீழே நிற்கும் காவலன் துப்பாக்கியோடு சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருவேளை போருக்கு முன் அவன் கிராமத்துப் பள்ளி ஆசிரியனாக இருந்திருப்பானோ என்று யோசிக்கிறார். அடுத்த ஓரிரு நாளில் ஏறத்தாழ 200 குழந்தைகளும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குப் போகும் ரயிலுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அவரும் அவர்களோடு போனார்.

இந்த இரண்டு நூல்களும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனால் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் நடக்கும்.

கேள்வி: ‘தி புக் தீஃப்’ நாவலை எல்லோரும் புகழ்கிறார்கள். கதை சொல்பவர் மரணம் என்பதே எனக்கு ஒட்டவில்லை. நாற்பது பக்கத்தில் நிற்கிறேன். தொடரலாமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: மார்க்கஸ் ஸூசாக்கின் அந்த நாவல் ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும். கதைசொல்லியான மரணம் முடிவுகளை முன்கூட்டியே போட்டு உடைத்துவிடும். அது பிடிக்காதவர்களுக்குத் தொடக்கம் எரிச்சலாகத்தான் இருக்கும். கதைநாயகியான சிறுமி லீசலுக்கு வளர்ப்புத் தந்தை, சுவரில் வண்ணம் தீட்டி எழுத்துக் கற்றுக்கொடுக்கும் நிலவறைப் பகுதி வரை போய்ப் பாருங்கள். அங்கேயும் ஒட்டவில்லை என்றால் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்தவர் காத்திருப்பார்.